தெளிய நேரம் ஆகும் ரத்தம்

பிப்ரவரி 6, வியாழன்

இன்று மூன்று பேருக்குப் பாடம். முதல் ஆள் பிரேக்கைக் கரப்பான்பூச்சியை மிதிப்பது போல மிதிக்கிறான். இரண்டாவது ஆள் ஒரு பல் டாக்டர். பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பாருங்கள் என்றால் தன் முடியைப் பார்த்துக்கொள்கிறார். மூன்றாவது ஒரு பெண். நன்றாகவே ஓட்டுகிறாள், ஆனால் நான் பக்கத்தில் இல்லாவிட்டால் ஓட்ட மாட்டாளாம். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இந்த ஊரில் பாதிப்பேர் கார் பழகியிருக்கிறார்கள்.

மாலையில் மகள் வந்தாள். வந்ததும் நேரே ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவின் வெண்ணெயைப் பார்ப்பது அவள் வழக்கம். அவள் அப்பா மாரடைப்பில் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து கொழுப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு முகம் மாறிவிடும். போதாததற்கு வேலை வேறு இன்சூரன்ஸ் கம்பெனியில். யார் எந்த வயதில் எதனால் போவார்கள் என்று நாள் முழுக்கப் படித்துவிட்டு என்னைப் பார்க்க வருகிறாள்.

"ஆஸ்பத்திரியில ஒரு ஆராய்ச்சி பண்றாங்கம்மா. வயசானா ரத்தத்துல கொழுப்பு எப்படி வருது, எப்படிப் போகுதுன்னு. அறுபது தாண்டினவங்க வேணுமாம். உன் பேரைக் குடுத்துட்டேன்."

"என்னைக் கேட்காமலேயா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவே."

சொல்லியிருப்பேன்தான்.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று இரவு ஏழரைக்கு மேல் பச்சைத் தண்ணீர் மட்டும். காலையில் ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில் ஒரு நீள அறை. ஜன்னலோரமாகச் சாய்வு நாற்காலிகள். ஒரு பக்கம் எங்களைப் போல நரைத்த தலைகள், எதிர்ப்பக்கம் இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள், எல்லோரும் செல்போனில். கையில் ஊசியைச் சொருகி, மூடி போட்டு விட்டார்கள். பிறகு ஒரு பெரிய டம்ளரில் வந்தது அந்தப் பானம். க்ரீமும் எண்ணெயும் கலந்து வெனிலா வாசனை போட்டது. பெயின்ட் குடித்தால் இப்படித்தான் இருக்கும்.

பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். "மேடம், மூச்சைப் பிடிச்சுட்டு ஒரே இழுப்பு. நடுவுல நின்னீங்கன்னா மாட்டிக்குவீங்க."

என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். லிஃப்ட் மெக்கானிக்காம், ஓய்வு பெற்றவர். "நாற்பது வருஷம் மேலயும் கீழயும் போய்ட்டு வந்தேன். முன்னால ஒரு அடி போகல." தானே சொல்லித் தானே சிரித்தார். அறுபத்தாறு வயது. காது மடலில் கூட முடி நரைத்திருக்கிறது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு குழாய் ரத்தம். சாயங்காலம் வரை வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. ஆராய்ச்சி நடத்தும் டாக்டர் சின்னப் பெண், மூக்குக் கண்ணாடி நழுவிக்கொண்டே இருக்கிறது. தெரிந்ததை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. ரத்தக் குழாய்களை மெஷினில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். அடியில் சிவப்பு தங்கிவிடுகிறது, மேலே மஞ்சள் தண்ணீர் நிற்கிறது. காலையில் எல்லோருக்கும் அது தெளிவாக இருந்தது. மத்தியானம் எல்லோருக்கும் பால் கலந்தது போல் ஆகிவிட்டது. நாலு மணிக்கு எதிர்வரிசைப் பிள்ளைகளுக்கு மறுபடி தெளிந்துவிட்டது. எனக்கும் லிஃப்ட்காரருக்கும் அப்படியே பால்.

"இதென்னம்மா, எங்களுக்கு மட்டும் போகவே இல்ல?"

"சாப்பிட்ட கொழுப்பு சின்னச் சின்ன உருண்டையா ரத்தத்துல ஏறும் ஆன்ட்டி. தசைக்குள்ள போற மெல்லிசு ரத்தக்குழாய்ச் சுவர்ல ஒரு நொதி இருக்கு. அது உருண்டையை உடைச்சுக் கொழுப்பை உள்ள இழுத்துக்கும். மிச்சம் மீதியைக் கல்லீரல் வாங்கிக்கும். வயசாக ஆக ரெண்டு வேலையும் மெதுவாகுது. பெண்களுக்கு மாதவிடாய் நின்னப்புறம் இன்னும் கொஞ்சம்."

"சரக்கு லாரி வந்து நிக்குது. இறக்கறதுக்கு ஆள் இல்ல. அதானே?"

"அதேதான்!" என்று கை தட்டினாள். "லாரி தெருவையே சுத்திட்டு இருக்கும். ரொம்ப நேரம் சுத்தினா ரத்தக்குழாய்ச் சுவர்ல ஒட்ட ஆரம்பிக்கும். அதுதான் பயம்."

அவள் கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்குச் சிரிப்பாக இல்லை. என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் சுற்றியிருக்கும். யாரும் குழாயில் பிடித்துக் காட்டவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அந்த டம்ளர் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

டாக்டர் பெண் கூப்பிட்டாள். அடுத்த கட்டம் நடை. மூன்று மாதம், வாரத்தில் ஐந்து மாலை, ஒரு மணி நேரம் வேகமாக. சோதனைக்கு முந்தின மாலை கட்டாயம். தனியாக விட்டால் நடக்காமலேயே நடந்தேன் என்று சொல்லிவிடுவோமாம், அதனால் ஜோடி ஜோடியாக. வீடு பக்கத்தில் இருப்பவர்களாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறாள். எனக்கு லிஃப்ட்காரர்.

இரண்டு தெரு தள்ளி ஒரு கடிகாரக் கடையின் மாடியில் இருக்கிறாராம். இத்தனை வருஷமாக அந்தத் தெருவில்தான் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. நடந்து போகிற மனிதர்களை இடிக்கக் கூடாத பொருள்களாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

முதல் நடை. எனக்கு மூச்சு வாங்கியது. அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். வழியெல்லாம் அண்ணாந்து கட்டடம் பார்க்கிறார். "அந்த மஞ்சக் கட்டடத்துல லிஃப்ட் மூணாவது மாடி வந்தா ஒரு பெருமூச்சு விடும். எவ்வளவு எண்ணெய் போட்டாலும் விடும். அதுக்கு என்ன கவலையோ."

மார்ச் 4, செவ்வாய்

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"பொண்ணு பாக்கப் போற நேரத்துல எல்லாம் எங்கயாவது ஒரு லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டாங்க. அவங்களை வெளிய எடுத்துட்டுப் போறதுக்குள்ள அங்க வேற ஆள் முடிவாயிடும்."

வீடு வந்து சேரும் வரை சிரித்தேன். அப்புறம் உடுப்பு மாற்றும்போது கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

மார்ச் 13, வியாழன்

இரண்டாவது சோதனை. அதே டம்ளர், அதே வெனிலா. நாலு மணிக் குழாயில் பால்நிறம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நடந்தால் அந்த நொதி விழித்துக்கொள்கிறதாம். டாக்டர் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை, குழாயை வெளிச்சத்தில் பிடித்து எல்லோரிடமும் கொண்டுபோனாள். லிஃப்ட்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெளிந்திருந்தது. எனக்குப் பொறாமை. இருவரும் ஒரே தூரம்தானே நடந்தோம்?

மார்ச் 19, புதன்

கார் ஓட்டக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டார். இந்த வயதில் எதற்கு என்று கேட்கவில்லை. என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

முதல் பாடம். வண்டியை நகர்த்தும் முன் கதவு நன்றாக மூடியிருக்கிறதா என்று நாலு கதவையும் பார்த்தார். மணிக்குப் பத்து மைல் கூட இல்லை. ஆனால் நிறுத்தச் சொன்ன இடத்தில், நடைபாதை ஓரத்தோடு ஒட்டினாற்போல், ஒரு குலுக்கல் இல்லாமல் நிறுத்தினார். இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு மாணவன் எனக்குக் கிடைத்ததில்லை.

"எப்படி?"

"தரை மட்டத்துக்கு நிக்கலன்னா ஜனங்க தடுக்கி விழுவாங்க டீச்சர்."

இன்றிலிருந்து நான் டீச்சர்.

ஏப்ரல் 2, புதன்

அவருக்குச் சளி. தனியாக நடந்தேன். ஒரு மணி நேரம் இவ்வளவு நீளமா?

ஏப்ரல் 11, வெள்ளி

நடந்து முடித்து, பூங்கா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் நின்றுகொண்டே சொன்னார், எங்கோ கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு.

"டீச்சர், நாம ஒரே வீட்டுல இருந்தா என்ன? ஒழுங்கா பதிவு பண்ணிக்கிட்டுத்தான். யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

அவசரமில்லையாம். அறுபத்தாறும் அறுபத்திரண்டும்.

நான் ஷூ கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டேன். பிறகு அதை அவிழ்க்க முடியவில்லை, வீட்டில் கத்தரிக்கோல் எடுக்க வேண்டியதாயிற்று.

எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே எழுதிக்கொள்வதற்கு என்ன வெட்கம்? பிடித்திருக்கிறது. மகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மகள் வந்தாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் சாப்பிடும்போது, நேற்றுக் கனவில் அப்பா வந்தார் என்றாள். கார் சாவியைத் தேடினாராம். அவள் எடுத்துக் கொடுத்தாளாம். அவ்வளவுதான் கனவு. சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது.

நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் காய் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இவள் மனசை உடைத்துவிட்டு எனக்கு என்ன வேண்டியிருக்கிறது?

ஏப்ரல் 14, திங்கள்

"முதல்ல லைசென்ஸ் வாங்குங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். தப்பித்தேன் என்று நினைத்தேன். அவரோ நாளைக்கு ஒரு பாடம் அதிகமாக வேண்டும் என்கிறார்.

மே 2, வெள்ளி

லிஃப்ட்காரர் ஓட்டுநர் தேர்வில் தோல்வி. காரணம், மிக மெதுவாகப் போய்ப் போக்குவரத்தை மறித்தது. பின்னால் ஒரு பஸ், ஒரு ஆம்புலன்ஸ், ஒரு சைக்கிள்காரர். சைக்கிள்காரர்தான் அதிகமாகத் திட்டினாராம்.

மே 14, புதன்

பாஸ்! சாயங்காலத் தேர்வு, ஒரு தப்பு இல்லை. சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். நீலப் புடவை. போய்வந்து எழுதுகிறேன்.

மே 15, வியாழன்

என்ன பண்ணிட்டேன் நான். என்ன பண்ணிட்டேன்.

வரிசையாக எழுதினால் மனசு அடங்கும்.

நேற்று அந்த ஹோட்டலில் கூட்டம். இடம் கிடைத்துச் சாப்பாடு வரும்போது மணி பத்தை நெருங்கிவிட்டது. வறுத்த கோழி, வெண்ணெயில் ஊறிய ரொட்டி, ஆளுக்கு இரண்டு ஐஸ்கிரீம். இரண்டாவது ஐஸ்கிரீமில் அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "லைசென்ஸ் வாங்கிட்டேன் டீச்சர்." நான் சரி என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகளிடம் நான் சொல்லும் வரை யாருக்கும் தெரிய வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். சந்தோஷம் தலைக்கேறிப் போயிருந்தது. மறுநாள் கடைசிச் சோதனை, ஏழரைக்கு மேல் சாப்பிடக் கூடாது, ஒரு மணி நேரம் நடந்திருக்க வேண்டும் – ஒன்றுகூட இரண்டு பேருக்கும் நினைவில்லை. காலையில் அலாரம் அடித்தபோதுதான் எனக்கு உயிரே போனது.

காரில் போகும்போது, "என்ன சொல்றது?" என்றார்.

"வழக்கம் போலத்தான்னு சொல்லிடுவோம்." உண்மையைச் சொன்னால் எங்கே, யாரோடு என்று வரும். டாக்டர் பெண்ணும் என் மகளும் போனில் பேசிக்கொள்கிறவர்கள். என் மகளுக்கு இது என் வாயால் தெரிய வேண்டும். அப்படித்தான் நினைத்தேன். அழகாக நடந்தது.

முதல் குழாயைச் சுற்றி எடுத்த டாக்டர் பெண் ஓடி வந்தாள். கையில் இரண்டு குழாய், இரண்டிலும் மேலே பால். காலையில், டம்ளரைக் குடிப்பதற்கு முன்னால்.

"ஆன்ட்டி, நேத்து எப்ப சாப்பிட்டீங்க?"

"ஏழு மணிக்கு. சூப்."

"நடந்தீங்களா?"

"ம்."

அவரைத் தனியாக அடுத்த அறையில் கேட்டாள். ஏழரைக்கு, வெறும் ரொட்டி, நடந்தேன் என்றாராம்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பட்டினியா இருக்கும்போதே இவ்வளவு இருந்தா சாதாரணமில்ல. கணையம் வீங்கிடலாம். சர்க்கரை, தைராய்டு எல்லாம் இன்னிக்கே பார்க்கணும், மாத்திரை ஆரம்பிக்கணும்." நான் எழுந்திருப்பதற்குள் என் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மகள் ஆபீஸிலிருந்து ஓடி வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை முதுகுப் பக்கம் திரும்பிக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"அப்பாவுக்கும் காலைலதாம்மா போன் வந்துச்சு."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாலு மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு, சொல்ல நினைத்த நாளில் சொல்ல நினைத்தபடி சொல்லியிருக்கலாம். ஆனா அந்தக் கை. அந்தக் கை அவ்வளவு சில்லுனு இருந்துச்சு. அதுக்கு மேல என்னால முடியல.

"எனக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. நேத்து ராத்திரி பத்து மணிக்குக் கோழி சாப்பிட்டேன். ரெண்டு ஐஸ்கிரீம். நடக்கவும் இல்ல. பொய் சொல்லிட்டேன்."

"யார் கூட?"

டாக்டர் பெண் இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆனா அங்கிள் ரொட்டின்னு சொல்றாரே?"

"அவரும் பொய்தான் சொல்றார். எனக்காக." அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. "நாங்க ரெண்டு பேரும் பதிவு பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

நர்ஸ் இருந்தாள். எதிர்வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். முதல் முறையாகச் செல்போனிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார்கள்.

டாக்டர் பெண்ணுக்கு முதலில் கோபம், பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை, கடைசியில் ஆறுதல் என்று நினைத்து ஒன்று சொன்னாள். "உங்களுக்கு இருபது வயசா இருந்திருந்தா காலைக்குள்ள முக்காவாசி காலியாகியிருக்கும் ஆன்ட்டி. நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்."

மகள் என் கையை விட்டாள். மெதுவாகத்தான் விட்டாள். ஆபீஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே 16, வெள்ளி

போன் செய்தேன். எடுக்கவில்லை. "நல்லா இருக்கேன், வேலை" என்று ஒரு குறுஞ்செய்தி.

மே 18, ஞாயிறு

மகள் வரவில்லை. ஃப்ரிட்ஜில் வெண்ணெய் இருக்கிறது, திறந்து பார்க்க ஆளில்லை. எனக்கும் தொடப் பிடிக்கவில்லை.

மே 20, செவ்வாய்

டாக்டர் பெண் இருவரையும் கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி நிற்க வைத்துத் திட்டினாள். நாங்கள் சொன்ன பொய்யை அவள் அப்படியே எழுதியிருந்தால், நோயில்லாத ஆளுக்கு மாத்திரை போயிருக்கும், அவள் ஆராய்ச்சியும் பொய்யாகியிருக்கும். திட்டியது நியாயம். அப்புறம் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தாள், 29ஆம் தேதி. நிபந்தனை, முந்தின மாலை நாங்கள் நடந்ததையும் சாப்பிட்டதையும் பொறுப்பான ஒரு ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் சொல்லுக்கு இனி மதிப்பில்லை.

திரும்பி வரும்போது லிஃப்ட்காரர் சொன்னார். "உங்க பொண்ணுக்குப் பிடிக்கலன்னா வேண்டாம் டீச்சர். சும்மா நடந்துட்டு மட்டும் இருப்போம்."

எனக்கு வந்ததே கோபம். "நான் சரின்னு சொன்னது ஐஸ்கிரீமுக்கா?" என்று நடுத்தெருவில் கத்தினேன். அவர் பயந்து இரண்டு அடி தள்ளி நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "இல்ல, உறுதிப்படுத்திக்கிட்டேன்" என்றார்.

மே 23, வெள்ளி

மகள் போன்.

"எனக்கு அந்த ஆள் மேல கோபம் இல்ல. உன் மேலதான்."

"தெரியும்."

"என்ன தெரியும்? மூணு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் உன்னை ஒரு டியூபை வச்சுத் தெரிஞ்சுக்கணுமா? அந்த அரை மணி நேரம் நான் எப்படி வந்தேன்னு உனக்குத் தெரியுமா? சிக்னல்ல நின்னுக்கிட்டு, நீ இல்லாம எப்படி இருக்கறதுன்னு யோசிச்சுட்டு வந்தேம்மா."

நான் அழுதேன். அவளும் அழுதிருப்பாள், மூக்கை உறிஞ்சினாள். அப்பா கனவைச் சொன்ன அன்றைக்குச் சொல்லத்தான் இருந்தேன், பயந்துவிட்டேன் என்றேன்.

"அப்பாவுக்காக நீ தனியா இருக்கணும்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

சொல்லவில்லை. ஒரு நாளும் சொல்லவில்லை. அவள் சொல்லாததை எல்லாம் நானே அவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வைக்கும் முன், குரலை இன்சூரன்ஸ் ஆபீஸ் குரலாக மாற்றிக்கொண்டாள். "புதன்கிழமை ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. டாக்டர் எங்கிட்ட பேசிட்டா. அஞ்சரைக்கு நடை, நானும் வருவேன். ஏழு மணிக்குச் சாப்பாடு. ஏழரைக்கு மேல ஒரு பிஸ்கட் துண்டு கிடையாது."

மே 28, புதன்

இப்படி ஒரு நடை நடந்ததில்லை. மகள் எங்கள் பின்னால், போலீஸ் மாதிரி. லிஃப்ட்காரர் வாய் திறக்கவில்லை, ஒரு கட்டடத்தைக்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. பாதி வழியில் மகளே கேட்டாள். "என் ஆபீஸ் லிஃப்ட் எப்பவும் நாலாவது மாடில அரை அடி மேல போய் நிக்குது. ஏன்?" அவ்வளவுதான், மடை திறந்தது. வீடு வரை கயிறு, எடை, பிரேக் என்று அவர் பேச, அவள் கேள்வி மேல் கேள்வி கேட்க, நான் பின்னால் நடந்து வந்தேன்.

அவள் வீட்டில் சாப்பாடு. வேகவைத்த காய்கறி, வெறும் சோறு. உப்புகூடப் பயந்து பயந்து போட்டிருந்தாள். லிஃப்ட்காரர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பொய்யாகச் சாப்பிடுகிறாரா என்று மகள் உற்றுப் பார்த்தாள். மனிதர் நிஜமாகவே சாப்பிட்டார். தனியாகச் சமைத்துத் தின்கிற ஆளுக்கு அதுவே விருந்து.

"எங்க அம்மாவுக்குக் கோபம் ரொம்ப வரும். தெரியுமா?"

"அவங்க பக்கத்துல உட்கார்ந்து கார் ஓட்டியிருக்கேம்மா. எனக்கா தெரியாது?"

மகள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், தண்ணீர் புரையேறியது.

தட்டுகளைக் கழுவும்போது அவள் அவரிடம் நேராகவே சொன்னாள். "நீங்க எங்க வீட்டுக்கு வந்தா, ஹால்ல அப்பா போட்டோ இருக்கு."

"இருக்கட்டும்மா. அவர் வீடு அது. நான்தானே புதுசா வர்றேன்."

மகள் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்தபடியே விட்டாள். அப்புறம் மூடிவிட்டு, அவர் கையிலிருந்த ஈரத் தட்டை வாங்கித் துடைத்தாள். எனக்கு அடுப்படியை விட்டு வெளியே போக வேண்டும் போல இருந்தது, போனேன். பால்கனியில் நின்று நன்றாக அழுதேன். சந்தோஷத்துக்குத்தான்.

மே 29, வியாழன்

காலைக் குழாய், இருவருக்கும் கண்ணாடி மாதிரித் தெளிவு. டாக்டர் பெண் அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். நாலு மணிக்கு எனக்கு லேசான மங்கல், அவ்வளவே. பக்கத்து நாற்காலிக்காரருக்கு என்னைவிட இன்றைக்கும் தெளிவு அதிகம். போகட்டும், இனி அது என் வீட்டு ரத்தம்.

ஜூன் 20, வெள்ளி

முடிவைச் சொல்லக் கூப்பிட்டாள். முதல் தடவைக்கும் இப்போதைக்கும் சாயங்காலக் கொழுப்பில் கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. பிள்ளைகள் வரிசையை எட்டிப் பிடிக்க முடியுமா என்று கேட்டேன்.

"அது முடியாது ஆன்ட்டி. வயசு வயசுதான். ஆனா நடக்கறதை நிறுத்தாதீங்க, ரெண்டு மூணு நாள் விட்டாக்கூடப் பலன் போயிடும். எண்ணெய், வெண்ணெயைப் பகல்லயே அளவாச் சாப்பிட்டுக்குங்க. ராத்திரி வேண்டாம்."

"லாரி வரத்தையே குறைக்கணும்."

"ஆமா. இறக்கறவங்களைத் தூங்கவும் விடக் கூடாது."

நல்ல பெண். பதிவு நடக்கும் அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சாட்சிக் கையெழுத்துப் போட அவளைவிடப் பொருத்தமான ஆள் யார்?

ஜூலை 7, திங்கள்

பதிவு முடிந்தது. மகள் இரண்டு புகைப்படம் எடுத்தாள். இரண்டிலும் நான் கண்ணை மூடியிருக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

குறட்டை. மூன்றாவது மாடியில் பெருமூச்சு விடும் அந்த லிஃப்ட் தேவலை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் இரண்டு பேருக்குப் பாடம், இரண்டும் உருப்படும். மத்தியானம் மகள் வந்தாள். இன்று அவர் சமையல். உப்பு போட மறந்துவிட்டார், மகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். நான் சொன்னேன். சாயங்காலம் மூன்று பேரும் ஆற்றங்கரை வரை நடந்தோம், திரும்பும்போது சேறு. அவர் தன் ஷூவைக் கழற்றி வாசலுக்கு வெளியே காயப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

மகள் கிளம்பினாள். ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவளுக்குத் தெரியாது. போனவள் இரண்டு படி இறங்கித் திரும்பி வந்தாள். சேறு ஒட்டாமல் விரல் நுனியால் அந்த ஷூ இரண்டையும் எடுத்து உள்ளே, என் செருப்புப் பக்கத்தில் வைத்தாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கும்மா" என்று பொதுவாகச் சத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.